பிள்ளையின் முதல் மியூசிக்கல் ஆடிஷன்: தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பள்ளி நாடகத்தில் நன்றாகப் பாடிய பிள்ளையை ஏதாவது மியூசிக்கல் (பாட்டும் நடனமும் கலந்த மேடை நாடகம்) ஆடிஷனுக்கு, அதாவது நடிக்க ஆள் தேர்ந்தெடுக்கும் சோதனைக்கு, அனுப்பிப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அதற்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. எந்தப் பாட்டு, என்ன உடுப்பு, நாம் உள்ளே போகலாமா, காசு கட்ட வேண்டுமா?

வார இறுதி வகுப்பில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் தயார் செய்து கொடுக்கிறேன். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: பாட்டுப் போட்டிக்குத் தயார் செய்த பழக்கத்தோடு ஆடிஷனுக்கும் தயார் செய்கிறோம். போட்டியில் பிழையில்லாமல் பாடி முடித்தால் போதும். ஆடிஷனில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்தப் பிள்ளையோடு மாதக்கணக்கில் ஒத்திகை நடத்த முடியுமா, சொன்னதைக் கேட்டு மாற்றிச் செய்யுமா என்றுதான் பார்க்கிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அதை ஒட்டியதுதான்.

ஆறு வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். மூன்று வாரத்திலும் முடியும். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் புதுப் பாட்டுப் பழக்காதீர்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாட்டோடு அனுப்புங்கள்.

1. அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்

பாட்டுத் தேடுவதற்கு முன்னால் அறிவிப்பைப் படிக்க வேண்டும். வயது, உயர வரம்பு, குரல் உடையாத பையன்களா, எந்த உச்சரிப்பு, என்ன கொண்டுவர வேண்டும், ஒத்திகைத் தேதிகள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

உயரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தயாரிப்புகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி அளப்பார்கள். வேடத்துக்குத் தைத்த உடுப்பும், கூட நடிப்பவர்களின் உயரமும் அதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும் பிள்ளையை, "பாட்டைக் கேட்டால் எடுத்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில் கூட்டிப்போனால் பிள்ளைக்குத்தான் வலி.

தேதிகளைப் பாருங்கள். பள்ளித் தேர்வோ, ஊருக்குப் போகும் பயணமோ இடையில் வந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தேர்வான பிறகு சொன்னால் இடம் கைவிட்டுப் போகலாம்.

காசு விஷயம்: முறையான தொழில்முறைத் தயாரிப்பு ஆடிஷனுக்குப் பிள்ளையிடம் பணம் கேட்காது. "பதிவுக் கட்டணம் கட்டுங்கள், நாங்களே போட்டோ எடுத்துத் தருகிறோம், அதற்கும் கட்டுங்கள்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதே போல, பிள்ளையோடு தனியாகச் செய்தி பரிமாற வேண்டும் என்று கேட்பவர்களிடமும் நிறுத்துங்கள்.

முதல் தடவை என்றால் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் மேடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் பாண்டோமைமுக்கு (பாட்டும் நகைச்சுவையும் கலந்த குடும்ப நாடகம்) உள்ளூர்ப் பிள்ளைகளைக் கூட்டமாக எடுப்பார்கள். உள்ளூர் இளையோர் நாடகக் குழுக்களும் ஆள் எடுக்கும். அங்கே அறைக்குள் நடப்பது ஏறக்குறைய இதேதான், அழுத்தம் குறைவு.

2. பிள்ளையிடம் கேளுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வேலை என்ன என்று தெரிந்த பிறகு கேட்டால்தான் அதற்கு அர்த்தம். "பாடப் போறியா?" என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "தெரியாதவர்கள் நாலு பேர் முன்னால் தனியாகப் பாட வேண்டும், அம்மா வெளியேதான் இருப்பேன், எடுத்தால் பல வாரம் பள்ளி முடிந்து ஒத்திகை, எடுக்காமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அரை மனதோடு வந்த பிள்ளையை அந்த அறையில் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. பாட்டைத் தேர்ந்தெடுப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பாட்டுத் தவறினால் பின்னால் எவ்வளவு பழகினாலும் சரியாகாது.

முதலில் வயது. பத்து வயதுப் பிள்ளை காதல் தோல்வியைப் பாடினால், குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்பவர்களுக்கு ஒட்டாது. ஒரு பிள்ளை உண்மையிலேயே சொல்லக்கூடிய விஷயம் பாட்டில் இருக்க வேண்டும்: ஏதோ ஒன்றுக்கு ஆசை, ஒரு கோபம், ஒரு திட்டம், ஒரு பயம். மியூசிக்கல் பாட்டு ஒரு பாத்திரம் பேசும் பேச்சு. வானொலியில் வரும் பாப் பாட்டில் பெரும்பாலும் ஒரே உணர்ச்சி திரும்பத் திரும்ப வரும், நடிக்க இடம் இருக்காது. அறிவிப்பில் பாப் கேட்டிருந்தால் மட்டும் அதைப் பாடலாம்.

அடுத்து, ஆடிஷன் நடக்கும் அதே நாடகத்தின் பாட்டை, கேட்டாலொழியப் பாட வேண்டாம். அதை எப்படிப் பாட வேண்டும் என்ற முடிவான எண்ணம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை அதோடு ஒப்பிடப்படும். அதே பாணியில் வேறு நாடகத்திலிருந்து எடுங்கள்.

மூன்றாவது, குரலின் எல்லை. கர்நாடக சங்கீதம் பழகிய பிள்ளைகளின் பெற்றோர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். "அவளுக்கு ஐந்து கட்டை, அதனால் ஜி ஸ்கேலில் பாட்டு வேண்டும்" என்று தேடுகிறார்கள். இது இங்கே பொருந்தாது. கட்டை என்பது ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டின் அடிப்படையான 'ஸ', எங்கே என்று சொல்கிறது. மேற்கத்தியப் பாட்டில் ஸ்கேலின் பெயர், குரல் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும் என்பதைச் சொல்லாது. பாட்டின் மிகக் கீழான ஸ்வரத்தையும் உச்ச ஸ்வரத்தையும் பியானோவில் தட்டிப் பார்த்து, பிள்ளைக்கு இரண்டும் சிரமமில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். சளி பிடித்த நாளில்கூட எட்டக்கூடிய உச்சமாக இருக்க வேண்டும். பதற்றத்தில் குரல் எப்போதும் கொஞ்சம் சுருங்கும்.

உச்ச ஸ்வரத்தைக் கத்திப் பிடிக்கும் பாட்டுகளைத் தவிருங்கள். யூடியூபில் பெரியவர்கள் பாடுவதைக் கேட்டு அதே பலத்தோடு பாட முயன்று தொண்டை கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் அதிகம்.

4. வெட்டுதல், ஸ்கேல், தாள்

முழுப் பாட்டுக்கும் நேரம் தர மாட்டார்கள். வழக்கமாக 16 பார் அல்லது 32 பார் கேட்பார்கள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, பெரும்பாலும் நாலு எண்ணிக்கை). நடுத்தர வேகத்தில் 16 பார் என்பது முப்பது, நாற்பது வினாடி. 32 பார் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்னிசையைக் குறைத்து, கதையில் ஏதாவது மாறும் இடத்தை எடுங்கள். அது பெரும்பாலும் பாட்டின் பிற்பகுதியில் இருக்கும். முதல் பாதியை மட்டும் எடுத்தால் அறிமுகத்தோடு நின்றுவிடும்.

பியானோ வாசிப்பவர் இருப்பாரா, ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசைப்பதிவு) கொண்டுவர வேண்டுமா என்று அறிவிப்பில் இருக்கும். பியானோ என்றால் அவர் பார்த்து வாசிக்கும் இசைக்குறிப்புத் தாள் சரியான ஸ்கேலில் அச்சாகி இருக்க வேண்டும். அங்கே போய் "ரெண்டு சுரம் கீழே இறக்கி வாசிக்க முடியுமா" என்று கேட்கக்கூடாது. அவர் அன்று நூறு பிள்ளைகளுக்கு வாசிப்பவராக இருக்கலாம். இணையத்தில் வாங்கும்போதே ஸ்கேல் மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன.

தாளைத் தயார் செய்யும் விதம்: ஏ4 தாளில் தெளிவாக அச்செடுத்து, இரண்டு வளைய ஃபோல்டரில் பக்கத்துக்குப் பக்கம் வரும்படி வையுங்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தடித்த பேனாவால் குறியுங்கள். வெட்டிய வரிகளை அடித்துவிட்டால் மட்டும் போதாது. வெட்டுப்பட்ட பகுதியை வெள்ளைத் தாளால் மறைத்து நகல் எடுங்கள், கண் தாவ வேண்டியிருக்காது. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். தனித்தனித் தாளாகக் கொடுத்தால் பாட்டின் நடுவில் ஒன்று தரையில் விழும். வேகம் எங்கே மாறுகிறது, எங்கே நிற்கிறது என்பதையும் பென்சிலில் குறியுங்கள்.

ட்ராக் என்றால் போனிலேயே இறக்கி வையுங்கள். ஒத்திகை அறைகள் பல நிலவறையில் இருக்கும், சிக்னல் கிடைக்காது. போனை விமானப் பயன்முறையில் போட்டால் பாட்டின் நடுவில் மாமாவின் அழைப்பு வராது.

5. சொல் முதலில், மெட்டு பிறகு

பாட்டை வாங்கியதும் பாட வைக்காதீர்கள். முதல் சில நாள் வரிகளைப் பேச வையுங்கள். யாரிடம் சொல்கிறாய்? அவர் என்ன செய்ததால் இதைச் சொல்கிறாய்? சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய்? இந்த மூன்றுக்கும் பிள்ளையே பதில் கண்டுபிடிக்கட்டும். மெட்டு முதலில் ஏறிவிட்டால் சொல் வெறும் ஒலியாகிவிடுகிறது. பிறகு அர்த்தத்தை உள்ளே கொண்டுவருவது இரட்டை வேலை.

கர்நாடகம் பழகிய பிள்ளைக்கு இங்கே பெரிய பலம் உண்டு: காது, தாளம், மனப்பாடம். மாற்ற வேண்டியவை இரண்டே. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போகும்போது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் பழக்கம், தானாக வந்து விழும். பாட்டை "லா" என்று நேராக, அசைவில்லாமல், மெதுவாகப் பாட வைத்து, பியானோவோடு பொருந்துகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்தது கை. தொடையில் தாளம் போடும் கை ஆடிஷனிலும் போடும். தாளத்தைக் கால் கட்டைவிரலுக்கு மாற்றிவிடுங்கள், ஷூவுக்குள் யாருக்கும் தெரியாது.

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைக்கு இன்னொரு பழக்கம்: ஒவ்வொரு சொல்லுக்கும் கை அபிநயம் பிடிக்கும். "சூரியன்" என்றால் மேலே கை, "இதயம்" என்றால் நெஞ்சில் கை. முழுப் பாட்டையும் கையைத் தொங்கவிட்டுப் பாட வையுங்கள். அதற்குப் பிறகும் தானாக எழும் அசைவு இருந்தால் அது மட்டும் இருக்கட்டும். கண்ணில் வரும் உணர்ச்சி பாவத்தைத் தொடாதீர்கள். அது பல பிள்ளைகளுக்கு இல்லாத சொத்து.

6. வசனம்

கேட்டிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் ஒன்று போதும். பாட்டுக்கு எதிர் மனநிலையில் இருக்கட்டும்: பாட்டு சோகம் என்றால் வசனம் குறும்பு. ஏதாவது உச்சரிப்பு கேட்டிருந்தால் அதில் பழக்குங்கள். கேட்காவிட்டால் பிள்ளை வீட்டிலும் பள்ளியிலும் பேசுகிற மாதிரியே பேசட்டும்.

7. மாற்றிச் செய்யப் பழக்குங்கள்

பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகும் படி இதுதான். ஆடிஷனில் ஒரு தடவை பாடி முடித்ததும், பிடித்திருந்தால், "இப்போது இதை ரகசியமாகச் சொல்கிற மாதிரி பாடு" என்பார்கள். ஒரே விதத்தில் நூறு தடவை பழகிய பிள்ளை முதலில் பாடிய மாதிரியே மறுபடி பாடும். அதற்குப் பிடிவாதம் இல்லை, வேறு வழி தெரியாது. பார்ப்பவர்களுக்கோ சொன்னதைக் கேட்கவில்லை என்று படும்.

அதனால் பாட்டு மனப்பாடமானதும் தினம் ஒரு சீட்டு எடுக்கும் விளையாட்டு வையுங்கள். சின்னத் தாள்களில் எழுதிப் போடுங்கள்: தம்பி தூங்குகிறான், எழுப்பாமல் பாடு. பஸ் போகப்போகிறது, அவசரம். அழுகையை அடக்கிக்கொண்டு பாடு. நீ சொல்வது பொய், ஆனால் அவர் நம்ப வேண்டும். எந்தச் சீட்டு வந்தாலும் அதற்கேற்ப உடனே பாட வேண்டும். "நன்றாக வந்ததா" என்று மதிப்பெண் போடாதீர்கள். "என்ன மாறியது?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றும் பழக்குங்கள்: பாட்டின் நடுவில் "நன்றி, போதும்" என்று நிறுத்துங்கள். அறையில் அப்படி நடக்கும். நேரம் இல்லாததால் நிறுத்துவார்கள். பிடித்துப்போய்த் தெரிந்துகொண்டதாலும் நிறுத்துவார்கள். முன்பே பழகாத பிள்ளை முகம் வாடி வெளியே வரும்.

கடைசி வாரத்தில் பாட்டைத் தினம் இரண்டு தடவைக்கு மேல் பாட வைக்காதீர்கள்.

8. கதவிலிருந்து கதவு வரை

பாட்டை மட்டும் பழகினால் போதாது, அறைக்குள் நுழைவதையும் பழக வேண்டும். வீட்டு வரவேற்பறையில் மூன்று நாற்காலி போட்டு, பிள்ளைக்கு அதிகம் பழக்கமில்லாத அத்தையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உட்கார வையுங்கள். வரிசை இது:

உள்ளே வந்து வணக்கம் சொல்வது. நேராகப் பியானோவிடம் போய் ஃபோல்டரை வைப்பது. "இங்கே தொடங்குகிறேன், இங்கே முடிக்கிறேன்" என்று விரலால் காட்டி, வேகத்தை முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டுவது. விரல் சொடுக்கி வேகம் காட்டினால் அவருக்கு அவமரியாதையாகப் படும். பிறகு அறையின் நடுவுக்குப் போய், பெயர், வயது, பாட்டின் பெயர் சொல்லி, ஒரு மூச்சு எடுத்து, பியானோ வாசிப்பவரைப் பார்த்துத் தலையசைப்பது. அதன் பிறகு அவரைத் திரும்பிப் பார்க்கக்கூடாது.

முன்னிசை முழுதாக வராது என்பதையும் சொல்லிவையுங்கள். ஒரே ஒரு ஸ்வரமோ, ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களான கார்டோ கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தம்புரா சுருதி ஓடிக்கொண்டே இருந்து பழகிய பிள்ளைக்கு இது திடீரென்று தரை விலகின மாதிரி இருக்கும். அந்த ஒற்றை ஸ்வரத்திலிருந்து முதல் சொல்லை எடுப்பதைத் தனியாகப் பழக்குங்கள்.

பார்வை, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு புள்ளியில். நேராகக் கண்ணைப் பார்த்துப் பாடினால் அவர்களால் குறிப்பெழுத முடியாது.

வரி மறந்தால் நிற்காமல் தொடர வேண்டும். முகத்தைச் சுளிக்காமல், மன்னிப்புக் கேட்காமல். அதற்கும் வீட்டில் வேண்டுமென்றே குறுக்கிட்டுப் பழக்கலாம்.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பார்கள். இதற்கு மட்டும் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் அந்தப் பிள்ளையோடு பேசிப் பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

9. நடனம்

பெரும்பாலும் கூட்டமாக நிறுத்தி, நடன அமைப்பாளர் எட்டு எண்ணிக்கையில் சில அடிகள் சொல்லிக்கொடுப்பார். அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை, வேகமாகப் பிடிக்க வேண்டும். "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்றதும் தொடங்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு வீட்டில் அதை மட்டும் காட்டுங்கள். பரதநாட்டிய அரைமண்டியில் நின்று பழகிய கால் ஜாஸ் அசைவுக்கு வெளியே திரும்பியே நிற்கும். பாதங்களை நேராக வைத்து நிற்கச் சொல்லிவையுங்கள். அடி தவறினாலும் எண்ணிக்கையை விடாமல் அடுத்த எட்டில் சேர்ந்துகொள்வதைத்தான் கவனிக்கிறார்கள்.

10. வீடியோவில் அனுப்பச் சொன்னால்

இப்போது முதல் சுற்றை இப்படித்தான் நிறைய பேர் நடத்துகிறார்கள். போனைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, வெற்றுச் சுவர் முன்னால், சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்துங்கள். இடுப்புக்கு மேலே தெரிந்தால் போதும். முழு உருவமும் கேட்டிருந்தால் தனியாக எடுங்கள். ட்ராக் ஒலிக்கும் ஸ்பீக்கரைப் போனுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் குரல் மேலே கேட்கும். எதிரொலி சேர்ப்பது, வெட்டி ஒட்டுவது கூடாது. பள்ளிச் சீருடை, பள்ளிச் சின்னம், வீட்டு முகவரி எதுவும் படத்தில் வேண்டாம். மூன்று, நான்கு தடவை எடுத்தால் போதும். அதற்கு மேல் பிள்ளையின் முகத்தில் களைப்புதான் பதிவாகும்.

11. அன்றைய நாள்

முந்தின இரவே பை தயாராக இருக்கட்டும்: பாட்டு ஃபோல்டர், அறிவிப்பின் நகல், சமீபத்திய போட்டோ, தண்ணீர், நடன ஷூ, ரப்பர் பேண்ட், சாப்பாடு. போட்டோ ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்க வேண்டியதில்லை. முகம் தெளிவாக, மேக்கப் இல்லாமல், இன்று வரும் பிள்ளையைப் போலவே இருந்தால் சரி.

உடுப்பு: அசைய வசதியான, ஒரே நிறச் சட்டை. பட்டுப்பாவாடையும் வேண்டாம், பாத்திரத்தின் வேடமும் வேண்டாம். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டால் அதே உடுப்பில் அனுப்புங்கள். "நீலச் சட்டை போட்ட பெண்" என்றுதான் அவர்களுக்கு நினைவிருக்கும்.

தலைமுடி முகத்தில் விழக்கூடாது. பாடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசான சாப்பாடு. தொண்டையை மரக்கச்செய்யும் மிட்டாய் வேண்டாம். வலி தெரியாமல் பிள்ளை குரலை அழுத்திவிடும்.

காத்திருக்கும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் உரக்கப் பாடிப் பழகுவார்கள். அதைக் கேட்டுக் கலங்குவது சகஜம். ஒரு கதைப்புத்தகம் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள். வாசலில் கடைசி நிமிடத் திருத்தம் எதுவும் சொல்லாதீர்கள். "அந்த உச்ச ஸ்வரத்தை மறந்துடாதே" என்று சொன்னால் பாட்டு முழுக்க அதே நினைப்பாக இருக்கும்.

12. வெளியே வந்த பிறகு

முதல் கேள்வி "எப்படிப் பாடினாய்?" என்று இருக்க வேண்டாம். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் பிள்ளையே சொல்லும்.

பதில் வராமலே போகலாம். எடுக்கப்படாதவர்களுக்குத் தகவல் அனுப்பாத தயாரிப்புகள் நிறைய. எந்தத் தேதி வரை காத்திருப்பது என்று அறிவிப்பில் இருந்தால் அதைப் பிள்ளைக்குச் சொல்லி, அந்தத் தேதி தாண்டியதும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுங்கள்.

எடுத்துவிட்டால் வேடம் முழுதும் உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் மேடையில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு இருப்பதால், ஒரே வேடத்தை மூன்று நான்கு பேர் முறைவைத்து நடிப்பார்கள். 2012இல் மட்டில்டா மியூசிக்கலின் முதன்மை வேடத்துக்காக, மியூசிக்கலில் சிறந்த நடிகைக்கான ஆலிவியர் விருதை (பிரிட்டிஷ் நாடக உலகின் பெரிய விருது) நான்கு சிறுமிகள் சேர்ந்து வாங்கியது இதனால்தான்.

இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளை தொழில்முறை மேடையில் ஏற, சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் வசிக்கும் பகுதிக் கவுன்சிலின் உரிமம் தேவை. ஆடிஷனுக்கு அது தேவையில்லை. உரிமத்துக்குத் தயாரிப்பாளர்தான் விண்ணப்பிப்பார். நீங்கள் கையெழுத்திட வேண்டும், பிறப்புச் சான்று நகல், போட்டோ கொடுக்க வேண்டும், பள்ளி நேரம் தவறுமானால் தலைமையாசிரியரின் சம்மதக் கடிதமும் வேண்டும். 21 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் கவுன்சில் மறுக்கலாம், அதனால் தாள்களை முன்பே எடுத்து வையுங்கள். மேடைக்குப் பின்னால் பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளையைக் கவனிக்கக் கவுன்சில் அங்கீகரித்த பாதுகாவலர் இருப்பார். ஒருவரிடம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைக்கக்கூடாது. அவர் பெயரையும் போன் எண்ணையும் முதல் ஒத்திகை நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.